ஆதரவு முடிந்த பிறகு: பழைய இயங்குதளமும் அதன் இற்றைப் பட்டியலும்

2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி, இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கோரும் நச்சுநிரல் ஒன்று பூட்டியது. அரச முகிலில் இயங்கிய அந்தச் சேவையில் ஏறத்தாழ 5,000 முகவரிகள் இருந்தன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடக்கம். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் சேவையை மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்தும் போயும் இருந்த கடிதங்கள் மீளவில்லை. காப்புப் பிரதிகளும் சேர்த்தே பூட்டப்பட்டிருந்தன. அந்த இடைக்காலத்துக்கு வலையமைப்புக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரச எழுத்துப் போக்குவரத்து அப்படியே அழிந்தது.

அடுத்த மாதம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் கொடுத்த விளக்கத்தில்தான் இந்தக் கட்டுரையின் பொருள் இருக்கிறது. 2007 இல் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2003 பதிப்போடு தொடங்கிய சேவை, 2014 இல் 2013 பதிப்புக்கு மாறியது. தாக்குதல் நடந்த நாள் வரை ஓடியது அதே 2013 பதிப்புத்தான். 2021 முதல் புதிய பதிப்புக்கு மாறத் திட்டம் இருந்தது. நிதிப் பற்றாக்குறையும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களும் அதைத் தள்ளிப்போட்டன என்றது முகவர் நிலையம். எக்ஸ்சேஞ்ச் 2013 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11 அன்று நிறுத்திவிட்டது. தாக்குதலுக்கும் அந்த நாளுக்கும் இடையே நாலரை மாதம்.

அந்த மென்பொருளுக்கு ஒரு பக்கப் பட்டியல் எழுதிப் பார்த்தால் நிலைமை துலங்கும். 2019 ஜூன்: 23 ஆவது திரட்டு இற்றை, இதுவே கடைசித் திரட்டு. அதன் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக இந்த 23 ஆவது திரட்டின் மேல்தான் ஏறின. அது இல்லாத சேவையகத்துக்குப் பெரும்பாலான திருத்தங்கள் கிடைக்கவில்லை. 2021 மார்ச்: உலகெங்கும் பல்லாயிரம் சேவையகங்களைத் திறந்துவிட்ட 'புரொக்ஸிலொகன்' ஓட்டைக்கான அவசரத் திருத்தம். 2022 நவம்பர்: செப்டெம்பரில் வெளிப்பட்ட இன்னொரு சோடி ஓட்டைகளுக்கான திருத்தம். 2023 மார்ச்: கடைசித் திருத்தம். அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை. தாக்கியவர்கள் எந்த வழியால் நுழைந்தார்கள் என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது. ஆனால் மே 17 க்குப் பிறகான ஒவ்வொரு கடிதமும் திருத்தம் வராத ஓர் இயந்திரத்தில்தான் சேர்ந்துகொண்டிருந்தது என்பதை அது ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. முடிவு நாளும் திடீரென்று வந்ததல்ல. பல ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2013 இலிருந்து புதிய பதிப்புக்கு இருந்த இடத்திலேயே ஏற முடியாது. புதிய சேவையகத்தை நிறுவி அஞ்சற்பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். ஆகவே பட்டியலில் முக்கியமான நாள் ஏப்ரல் 11 அல்ல; அதற்கு ஓராண்டாவது முன்னே வேலை தொடங்கியிருக்க வேண்டிய நாள்.

பழைய இயங்குதளம் ஒன்றுக்கு இற்றைப் பட்டியல் பேணுவது பழைய பொருட்களில் பற்றுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. புதியதை நினைத்த நேரத்தில் வாங்க முடியாத நாட்டில் அது அலுவலகப் பதிவேடுகளுக்குச் சமமான ஓர் ஆவணம். எது ஓடுகிறது, எதை நம்பி ஓடுகிறது, எப்போது நின்றுபோகும் என்ற மூன்றையும் ஒரே தாளில் காட்டுவது அது மட்டுமே.

இந்தப் பட்டியலின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள விண்டோஸ் 7 ஐ எடுத்துக்கொள்வது நல்லது. 2009 ஒக்டோபர் 22 இல் விற்பனைக்கு வந்தது. 2011 பெப்ரவரியில் முதலாவது சேவைப் பொதி. 2020 ஜனவரி 14 இல் பொது ஆதரவு முடிந்தது. இன்று ஒருவர் பழைய கணினியொன்றின் வன்தட்டை அழித்து, சேவைப் பொதி சேர்ந்த வட்டிலிருந்து விண்டோஸ் 7 ஐ நிறுவினால், அந்த இயந்திரத்தின் அறிவு 2011 உடன் நிற்கும். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளின் திருத்தங்களை அதற்கு ஊட்ட வேண்டும். அவை இருநூறுக்கு மேல். எல்லாவற்றையும் ஏற்றத் தேவையில்லை, ஏனென்றால் பிந்திய ஒன்று முந்திய பலவற்றை விழுங்கியிருக்கும். எந்த வரிசையிலும் ஏற்றவும் முடியாது, ஏனென்றால் ஒன்று இன்னொன்றை முன்நிபந்தனையாகக் கேட்கும்.

முதலில் ஏற்ற வேண்டியது கேபி 3020369 என்ற இலக்கமுள்ள இற்றை. இது 2015 ஏப்ரலில் வந்த ஒரு சிறு கோப்பு. திருத்தங்களை நிறுவும் பொறிமுறையையே திருத்துவது. அதற்கு மேல்தான் கேபி 3125574 ஏறும். 2016 மே மாதத்தில் வெளியான இது, சேவைப் பொதிக்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்தவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே கட்டாகத் தந்தது. பாவனையாளர்கள் இதை இரண்டாவது சேவைப் பொதி என்றே கொண்டாடினார்கள். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 இன் திருத்தங்களும் டொட்நெட் திருத்தங்களும் அதில் இல்லை. அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். அடுத்தது கேபி 3172605. இற்றைத் தேடலின் தாமதத்தைத் தீர்த்தது இதுதான். 2015, 2016 இல் விண்டோஸ் 7 கணினிகள் 'இற்றைகளைத் தேடுகிறது' என்ற வரியைக் காட்டியபடி மணிக்கணக்கில் செயலியை முழுவதும் விழுங்கிக்கொண்டு நின்றதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். இயந்திரத்தில் கோளாறு இருக்கவில்லை. எது எதை விழுங்கியது என்ற கணக்கே அவ்வளவு பெருத்துவிட்டிருந்தது. கணினியாலேயே முடிக்க முடியாத அந்தக் கணக்கை ஆர்வலர்கள் கையால் போட்டு, தேவையான முப்பது நாற்பது கோப்புகளை வரிசைப்படுத்தினார்கள். இந்தக் கட்டத்தில்தான் பட்டியல் ஒரு கருவியானது.

வரிசை பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 தொடக்கத்தில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஜனவரி 14 இல் வந்த கடைசிப் பொதுத் திருத்தமான கேபி 4534310, 'இழுத்து நிரப்பு' என்ற அமைப்பில் வைத்திருந்த முகப்புப் படத்தைக் கறுப்பாக்கியது. ஆதரவு முடிந்துவிட்டதால் இதற்குத் திருத்தம் வராது என்றே முதலில் தோன்றியது. பின்னர் மைக்ரோசொப்ட் எல்லோருக்குமாகக் கேபி 4539602 ஐ வெளியிட்டது. படத்தைச் சரிசெய்யும் அந்தச் சிறு கோப்பை ஏற்றிய சில சேவையகங்கள் மறுபடி எழும்பவேயில்லை. காரணம் 2019 இல் இருந்தது. அதுவரை இற்றைக் கோப்புகள் ஷா-1 முறையில் ஒப்பமிடப்பட்டன; அது பலவீனமானது என்று நிறுவப்பட்டபின் நிறுவனம் ஷா-2 க்கு மாறியது. புதிய ஒப்பத்தை விண்டோஸ் 7 உம் அதன் சோடியான சேவையகப் பதிப்பு 2008 ஆர்2 உம் வாசிக்க, 2019 மார்ச்சில் வந்த கேபி 4474419, கேபி 4490628 ஆகிய இரண்டும் முன்பே ஏறியிருக்க வேண்டும். அவை இல்லாத சேவையகத்தில் புதிய கோப்பு ஏறியபோது, தன் சொந்தக் கோப்புகளின் ஒப்பத்தையே அடையாளம் காண முடியாமல் இயந்திரம் நின்றுவிட்டது. முகப்புப் படத்துக்காகப் பத்தாண்டு ஓடிய சேவையகம் ஒன்று சாய்ந்தது. பட்டியலில் இரண்டு வரிகள் முன்னே இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

எனவே நல்ல பட்டியலில் இற்றையின் இலக்கமும் திகதியும் மட்டும் இருந்தால் போதாது. எதற்குப் பிறகு ஏற்ற வேண்டும், எதை விழுங்கியது, 32 பிட்டா 64 பிட்டா, கோப்பின் ஷா-256 கைரேகை எது, உள்ளூரில் எந்தத் தட்டில் பிரதி இருக்கிறது என்பவையும் வேண்டும். ஏற்றக் கூடாதவையும் அதில் வர வேண்டும். கேபி 3035583 அப்படிப்பட்டது. பாதுகாப்புக்கு எதையும் சேர்க்காமல், விண்டோஸ் 10 க்கு மாறும்படி திரையில் அறிவித்தல் காட்டிக்கொண்டிருந்த கோப்பு. 'முக்கியமானது' என்ற பெயரில் வருவதெல்லாம் முக்கியமானதல்ல என்று தெரிந்துகொள்வதற்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து வாசித்து எழுதி வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பழைய இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டுவது பற்றிக் கொழும்பில் பேசுவதற்குத் தெமட்டகொடையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மருதானையைத் தாண்டியதும் வரும் இந்தப் பகுதியின் ரயில் கொட்டகையில்தான் நீராவி எஞ்சின்கள் பேணப்பட்டு வந்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகுப்பு டீசல் எஞ்சின்கள், அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியபடி, எழுபது ஆண்டுகளை எட்டியும் வேலை செய்திருக்கின்றன. எஞ்சின் ஒன்றின் தேய்ந்த பாகத்தை இரத்மலானை வேலைத்தளத்தில் வார்த்துக் கடைந்தெடுக்கலாம், இந்தியாவிலிருந்து வாங்கலாம், நின்றுபோன இன்னொரு எஞ்சினில் கழற்றலாம். செய்தவர் கையை விட்டாலும் பேணுபவருக்கு வழி இருக்கிறது. விண்டோஸில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அது ஏற்றுக்கொள்ளும் இற்றைக் கோப்பு ஒன்றை மைக்ரோசொப்டின் ஒப்பம் இல்லாமல் உலகில் எவராலும் செய்ய முடியாது. ஸ்லோவேனியாவின் 'ஜீரோபேட்ச்' போன்ற ஒரு சிலர், கோப்பைத் தொடாமல் நினைவகத்தில் ஓடும் நிரலை மட்டும் திருத்தும் வித்தையைச் செய்கிறார்கள், அது விதிவிலக்கு. பொதுவாக, பாகம் செய்ய முடியாத இயந்திரத்தைப் பேணுபவருக்கு எஞ்சியிருப்பது ஒன்றுதான்: வந்த பாகங்களை எல்லாம், வரிசை குலையாமல், தன்னிடம் வைத்திருப்பது.

அதே தெமட்டகொடையில், டாக்டர் டெனிஸ்டர் டி சில்வா மாவத்தையில், ஒரயன் சிட்டி இருக்கிறது. 1996 இல் தொடங்கிய வர்ச்சுசா நிறுவனத்தின் கொழும்பு வளாகம் அங்கேதான். 2016 இல் சென்னையின் பொலாரிஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கிய நிறுவனம் இது. அமெரிக்க, பிரித்தானிய வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இத்தகைய நிறுவனங்களிடம் கொடுக்கும் வேலையில் பெரும் பகுதி, எவரோ எப்போதோ எழுதிய முறைமைகளை ஓடவைப்பதும் புதியவற்றுக்கு நோகாமல் மாற்றுவதும்தான். எந்தச் சேவையகத்தில் எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தம் ஏறியது, எது பாக்கி என்று பதிவு வைப்பது அந்த வேலையின் முதற்பாடம். அந்த ஒழுக்கத்தைக் கற்ற பொறியியலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அரச மின்னஞ்சல் அழிந்ததற்கு அறிவுப் பஞ்சத்தைக் காரணம் காட்ட முடியாது. எழுதி வைத்த திகதிக்கு எதிரே பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவரின் மேசைக்கு அந்தப் பதிவு போய்ச் சேராததே காரணம் என்று நான் கருதுகிறேன்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. விண்டோஸ் 7 ஐ விட முடியாத நிறுவனங்களுக்கு 2020 முதல் மூன்றாண்டுக்கு நீடித்த பாதுகாப்புத் திருத்தங்கள் விற்கப்பட்டன. தொழில்முறைப் பதிப்புக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 50 டொலர், இரண்டாமாண்டு 100, மூன்றாமாண்டு 200. முன்னைய ஆண்டுகளை வாங்காதவர் பிந்திய ஆண்டை மட்டும் வாங்க முடியாது. மூன்றாம் ஆண்டு தொடங்கியது 2022 ஜனவரியில். அப்போது டொலர் ஏறத்தாழ 200 ரூபாய்; மே மாதம் அது 360 ஐத் தொட்டுவிட்டது. ஜனவரியில் 40,000 ரூபாயாக இருந்த ஒரு கணினியின் திருத்தச் செலவு நாலு மாதத்தில் 72,000 ஆனது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாத அந்த மாதங்களில் இதை யார் கேட்டிருக்க முடியும்? பிரித்தானிய அரசு 2014 இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஓராண்டு தனி ஆதரவு வாங்க 55 இலட்சம் பவுண் கொடுத்தது. அந்த வழி செல்வமுள்ளவர்களுக்குரியது.

பணம் மட்டுமே பழையதில் கட்டிப்போடுகிறது என்பதும் சரியல்ல. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழில் அழைப்பிதழும் நினைவு மலரும் கோயில் விஞ்ஞாபனமும் அச்சிடும் சிறு அச்சகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் இருபது ஆண்டுத் தேட்டம் பேஜ்மேக்கர் கோப்புகளில், பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001 இல். 2004 இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. விஸ்டாவுக்கோ அதற்குப் பிந்தியவற்றுக்கோ அது எழுதப்படவில்லை. பாமினி ஒருங்குறி அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. புதிய கணினியில் புதிய மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் வரி உடைந்து, கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். கடந்த ஆண்டின் நினைவு மலரைச் சிறு திருத்தத்தோடு மறுபடி அடித்துத் தரும்படி கேட்கும் வாடிக்கையாளருக்காக, எக்ஸ்பி ஓடும் ஒரு கணினியை மூலையில் வைத்திருப்பது அறியாமையால் அன்று. தொழிலின் நினைவு அந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது.

இங்கே உள்ளூர்ப் பட்டியல் ஏன் வேண்டும் என்பதற்கும் விடை கிடைக்கிறது. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ தொகுத்த எக்ஸ்பிப் பட்டியல் எதிலும் நமக்கு வேண்டிய சில வரிகள் இருக்காது. எக்ஸ்பியில் தமிழ் ஒருங்குறி சரியாகத் தெரிய, சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவை மூல வட்டைக் கொண்டு தனியே நிறுவ வேண்டும். சிங்களத்துக்கு அதற்கென வெளியான தனிப் பொதி வேண்டும். தமிழ்த் தகவல் பரிமாற்றத்துக்கான இலங்கைத் தர நிர்ணயம் 1326 வெளியானது 2008 இல். அதில் சொல்லப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகை விண்டோஸ் 7 உடன் வருவதல்ல, தனியே ஏற்ற வேண்டியது. மீள்நிறுவல் ஒன்றில் இவை விடுபட்டால், எல்லாப் பாதுகாப்புத் திருத்தமும் ஏறிய பிறகும் தமிழ்க் கடிதம் ஒன்று தட்டச்சுச் செய்ய முடியாத கணினியே பிரதேச செயலகத்தில் மிஞ்சும். இந்த வரிகளை நமக்காக வேறு எவரும் எழுதப் போவதில்லை.

பழையது என்றாலே ஆபத்து என்ற பேச்சையும் கொஞ்சம் நுணுகிப் பார்க்க வேண்டும். 2017 மே 12 இல் வொனாகிரை நச்சுநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியபோது, எக்ஸ்பிதான் காரணம் என்று உடனே எழுதினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் வேறு விதமாகக் கூறின. தொற்றிய கணினிகளுள் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7. அன்று அது பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்த இயங்குதளம். அந்த ஓட்டையை மூடும் எம்எஸ்17-010 திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இரண்டு மாதம் அது கிடந்தது, ஏற்றவில்லை. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையின் மூன்றிலொரு பங்கு நிர்வாகப் பிரிவுகள் பாதிக்கப்பட்டு, சத்திரசிகிச்சைகள் கூடத் தள்ளிப்போயின. எந்தக் கணினியில் எது ஏறியிருக்கிறது என்ற பதிவு இல்லாத இடத்தில் புதிய இயங்குதளமும் பழையதைப் போலவே திறந்து கிடக்கும் என்பதே அந்த மாதத்தின் பாடம். அதே வேளை, ஆதரவு முடிந்து மூன்றாண்டான எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் அப்போது கேபி 4012598 ஐ விதிவிலக்காக வெளியிட்டது. முடிந்ததாக நினைத்த பட்டியலில் ஒரு வரி கூடியது. 2014 இல் பட்டியலை மூடிவைத்தவர்களுக்கு அது வந்ததே தெரிந்திருக்காது.

கூடுவது போலவே குறைவதும் உண்டு. இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 2020 ஓகஸ்ட் 3 அன்று, ஷா-1 ஒப்பம் மட்டுமே உள்ள கோப்புகளை மைக்ரோசொப்ட் தன் தரவிறக்க நிலையத்திலிருந்து அகற்றியது. எக்ஸ்பி, 2000 காலத்துக் கோப்புகள் பல அன்றோடு அங்கே கிடைக்காமற் போயின. நிறுவனத்தின் நியாயம் எனக்கு விளங்குகிறது: பலவீனமான ஒப்பத்தை விட்டுவைத்தால் போலிகள் நுழையலாம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, பழைய கோப்பு ஒன்றைத் தேடுபவர் எங்கிருந்தோ எடுத்த பிரதியை நம்ப வேண்டிய நிலை வந்தது. அது உண்மையான பிரதியா என்று அறிய இருக்கும் வழி ஒன்றே: அகற்றப்படும் முன்னரே எவராவது அதன் ஷா-256 கைரேகையைப் பட்டியலில் குறித்திருக்க வேண்டும். கைரேகை இல்லாத பட்டியல் பழைய கோப்புகளைத் தேடும் எவரையும் நச்சுநிரல் விற்பவர்களின் வாசலுக்கே அனுப்பிவைக்கும்.

தாக்குதல் எதுவும் இல்லாமலே இயந்திரம் செத்துப்போகும் வழியும் இருக்கிறது. 2021 செப்டெம்பர் 30 அன்று ஒரு வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைப் பயன்படுத்திய தளங்கள் பல பழைய கருவிகளில் திறக்காமற் போயின. இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.2 நெறிமுறையை வங்கிகள் கேட்கத் தொடங்கியபோது, விண்டோஸ் 7 இல் சில செயலிகள் இணைய மறுத்தன; கேபி 3140245 ஐ ஏற்றிப் பதிவகத்தில் ஓர் எண்ணையும் மாற்ற வேண்டியிருந்தது. குரோம் 2023 இல் 110 ஆம் பதிப்போடு விண்டோஸ் 7 ஐக் கைவிட்டது. 109 தான் கடைசி. இவை இயங்குதளத்தின் இற்றைகள் அல்ல. ஆனால் அன்றாட வேலை நிற்பது பெரும்பாலும் இவற்றாலேதான். அதனால் சான்றிதழுக்கும் உலாவிக்கும் பட்டியலில் தனிப் பகுதி வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் உலகில் இந்தச் சுமையின் பெரும் பகுதியை முறைமையே ஏற்றுக்கொள்கிறது. டெபியனின் ஒவ்வொரு களஞ்சியத்திலும் ஒரு சுட்டிக் கோப்பு உண்டு: பொதியின் பெயர், பதிப்பு, எதை நம்பியிருக்கிறது, அளவு, கைரேகை எல்லாம் ஒப்பத்தோடு அதில் இருக்கும். நாம் விண்டோஸுக்குக் கையால் எழுதுவதை டெபியன் தானே எழுதி, எவரும் பிரதி எடுக்கத் திறந்து வைத்திருக்கிறது. ஆதரவு முடிந்த பதிப்புகளும் ஆவணக் களஞ்சியத்தில் கிடைக்கும். 2014 இல் ஆறாம் பதிப்போடு தொடங்கிய நீண்டகால ஆதரவுத் திட்டம், பதிப்பு ஒவ்வொன்றின் ஆயுளையும் ஏறத்தாழ ஐந்தாண்டாக்கியது. சென்னை சீடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியதில் ஒரு தொலைநோக்கு இருந்தது. அடித்தளம் நீண்ட நாள் நிற்கக்கூடியது. இலங்கையில் 2009 இல் தொடங்கிய ஹந்தான லினக்ஸ், பாடசாலைகளைக் கருதி, சிங்களமும் தமிழும் சேர்த்துச் செய்யப்பட்டது. அதன் அடித்தளம் ஃபெடோரா. ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆதரவு ஏறத்தாழ பதின்மூன்று மாதம். பாடசாலைக் கணினிக் கூடம் ஒன்று பதின்மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயங்குதளத்தை மாற்றுமா? அந்த முயற்சியின் மீது எனக்குள்ள மதிப்பு குறையாமலே இதைச் சொல்கிறேன்: எதைத் தேர்கிறோம் என்பதைவிட, தேர்ந்தது எத்தனை ஆண்டு ஓடவேண்டும் என்ற கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும்.

இப்போது அதே கேள்வி பன்மடங்கு பெரிதாக வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இன் பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். அதாவது 2017 க்கு முந்திய கணினிகள் பெரும்பாலும் வெளியே. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டாங்கையாக வாங்கி, பிள்ளையின் உயர்தரப் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் ஓடும் கணினிகளில் இப்படிப்பட்டவை ஏராளம். நிறுவனங்களுக்கு நீடித்த திருத்தம் முதலாண்டு 61 டொலர், பின்னர் 122, பின்னர் 244. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒரு கணினிக்கு மூன்றாண்டில் 1,28,100 ரூபாய். அந்தப் பணத்தில் இன்னொரு கணினி வாங்கலாம். வீட்டுப் பாவனையாளருக்கு 30 டொலரில் ஓராண்டு, அல்லது தன் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணமின்றி. அந்த இலவச வழியே இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழில் அதைப் படிப்படியாகச் சொல்லும் ஓர் அரச அறிவித்தலாவது ஒவ்வொரு பிரதேச செயலகச் சுவரிலும் இருந்திருக்க வேண்டும்.

கணினி அவசரநிலைகளைக் கவனிக்க 2006 முதல் இயங்கும் இலங்கை சேர்ட் அமைப்பு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கை ஒரு நாளைக்குரியது, பட்டியல் பத்தாண்டுக்குரியது. அரச அலுவலகங்களில் உண்மையில் ஓடும் இயங்குதளங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வேண்டிய கோப்புகளை வரிசையோடும் கைரேகையோடும் மூன்று மொழியிலும் வெளியிட்டு, கோப்புகளின் பிரதியை நாட்டுக்குள் ஒரு சேவையகத்தில் வைப்பது, இரண்டு மூன்று பேர் முழுநேரமாகச் செய்யக்கூடிய வேலை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பில் அதற்கான இடமும் வேகமும் உண்டு. உரிம நிபந்தனைகள் சில கோப்புகளை மறுபடி பகிர விடாது. அங்கே கைரேகையும் மூல இடமும் போதும். எங்கள் மொழிகளுக்கான பொதிகளும் விசைப்பலகைகளும் அந்தப் பட்டியலின் முதற்பக்கத்தில் வரட்டும்.

முதலில் எழுத வேண்டிய திகதிகள் ஏற்கெனவே தெரிந்தவை. 2011 இல் வழங்கப்பட்ட, கணினியின் பாதுகாப்பான தொடக்கத்துக்கான ('செக்கியூர் பூட்') சான்றிதழ்கள் காலாவதியாகத் தொடங்குவது 2026 ஜூனில். விண்டோஸ் 10 வீட்டுப் பாவனையாளருக்கான நீடிப்பு முடிவது 2026 ஒக்டோபர் 13. சேவையகப் பதிப்பு 2012 க்கான கட்டண நீடிப்பும் அதே நாளில். சேவையகப் பதிப்பு 2016 க்கு 2027 ஜனவரி 12. நிறுவனங்களுக்கான விண்டோஸ் 10 நீடிப்பு 2028 ஒக்டோபர் 10. ஒவ்வொரு திகதிக்கும் எதிரே, அந்த மாற்றத்துக்குப் பொறுப்பான பதவியின் பெயர், வேலை தொடங்க வேண்டிய மாதம், எந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்ற மூன்று கட்டங்களும் நிரப்பப்பட வேண்டும்.